தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம்

தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் என்பது, தமிழகத்தில் கலைகளை வளர்ப்பதற்கும் கலைஞர்களுக்கு உதவுவதற்கும் மாநில அரசின் நிதியைக் கொண்டு இயங்கும் ஒரு பொது அமைப்பு ஆகும். இது 1955ஆம் ஆண்டு சென்னை மாநில சங்கீத நாடக சங்கம் என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. 1973ஆம் ஆண்டு தற்போதைய பெயரைப் பெற்றது. இதன் அலுவலகம் சென்னை, இராசா அண்ணாமலைபுரத்தில் அமைந்துள்ளது.

கலைமாமணி விருதை வழங்கும் அமைப்பு என்றே இது பலராலும் அறியப்படுகின்றது. ஆயினும் விருது வழங்குதல் இதன் பணிகளுள் ஒன்று மட்டுமே. நலிந்த நிலையில் வாழும் முதிய கலைஞர்களுக்கு மாதந்தோறும் நிதியுதவி அளித்தல், இசைக்கருவிகளும் ஆடை அணிகலன்களும் வாங்க உதவுதல், புதிய நாடகங்களைத் தயாரிக்க மானியம் தருதல், அரிய கலை நூல்களைப் பதிப்பிக்க உதவுதல் ஆகியனவும் இதன் பணிகளாகும்.

பெயர்

இயல், இசை, நாடகம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே முத்தமிழ் எனப்படும். முந்தைய பெயரில் சங்கீதமும் நாடகமும் மட்டுமே இடம்பெற்றிருந்தன. 1973இல் பெயர் மாற்றப்பட்டபோது "இயல்" என்னும் சொல் சேர்க்கப்பட்டது. எனவேதான் இம்மன்றத்தின் விருதுப் பட்டியலில் இசை, நாட்டியம், நாடகம், திரைப்படம், கிராமியக் கலைகள் ஆகியவற்றோடு எழுத்தாளர்களும் கவிஞர்களும் சொற்பொழிவாளர்களும் இடம்பெறுகின்றனர்.

பின்னணி

தமிழகத்தில் கலைஞர்களுக்கான ஆதரவு நீண்ட காலம் கோயில்களிடமிருந்தும் அரசர்கள், பாளையக்காரர்கள், ஜமீன்தார்கள் ஆகியோரிடமிருந்தும் கிடைத்து வந்தது. இவ்வாதரவு பெரும்பாலும் பணமாக அன்றி நிலமாகவும் நெல்லாகவும் உரிமையாகவும் அளிக்கப்பட்டது. ஜமீன் முறை ஒழிந்து, கோயில் மானியங்களின் தன்மையும் மாறியபோது இந்த ஆதரவு சுருங்கியது. சென்னை போன்ற நகரங்களில் சபாக்கள் தோன்றி, நுழைவுச் சீட்டு விற்றுக் கச்சேரிகளை நடத்தின. 1928இல் நிறுவப்பட்ட சென்னை மியூசிக் அகாதமியும் 1943இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. இவை பெரும்பாலும் நகரத்துச் செவ்வியல் இசைக்கும் நாட்டியத்துக்கும் துணைநின்றன. சிற்றூர்க் கலைகள் ஊர்த் திருவிழாக்களையே நம்பியிருந்தன.

ஆங்கிலேய அரசு நாடகத்தைக் கண்காணிக்க வேண்டிய ஒன்றாகவே கருதியது. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் இதற்கு எடுத்துக்காட்டு ஆகும். விடுதலைக்குப் பின்னரும் இந்த அணுகுமுறை முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1954ஆம் ஆண்டு சென்னை மாநில அரசும் நாடகங்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதற்கு மறு ஆண்டிலேயே நாடகத்தை வளர்ப்பதற்கான சங்கத்தை அதே மாநிலம் தொடங்கியது. ஒரே அரசு கலையைத் தடுக்கும் அதிகாரத்தையும் வளர்க்கும் பொறுப்பையும் ஒருங்கே வைத்திருந்தது என்பது இதனால் புலப்படும். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதன்மையான பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாதவை என அறிவித்தது.

வரலாறு

இந்திய ஒன்றிய அரசின் 1952ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி சங்கீத நாடக அகாதமி உருவாக்கப்பட்டு, 1953 சனவரி 28 அன்று குடியரசுத் தலைவர் இராசேந்திரப் பிரசாத்தால் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த நீதிபதி பி. வி. இராசமன்னார் அதன் முதல் தலைவராக இருந்தார். இதனைத் தொடர்ந்து மாநிலங்களிலும் இத்தகைய அமைப்புகள் தோன்றின. சென்னை மாநில சங்கீத நாடக சங்கம் அவற்றுள் ஒன்று ஆகும்.

1991ஆம் ஆண்டு தமிழக அரசில் கலை பண்பாட்டுத் துறை தனித் துறையாக உருவாக்கப்பட்டது. மன்றம் அத்துறையின் கீழ் நிதி பெற்று இயங்கும் அமைப்பாக உள்ளது. வயலின் கலைஞர் குன்னக்குடி வைத்தியநாதன் இம்மன்றத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். இசையமைப்பாளர் தேவா, நடிகர் வாகை சந்திரசேகர் ஆகியோர் தலைவர்களாக இருந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். வாகை சந்திரசேகர் 2021இல் நியமிக்கப்பட்டார்.

அமைப்பு

மன்றத்துக்குத் தலைவர், உறுப்பினர்-செயலாளர் ஆகியோரும் உறுப்பினர்களைக் கொண்ட குழுவும் உண்டு. இப்பொறுப்புகளில் பெரும்பாலும் கலைத்துறையைச் சேர்ந்தவர்களே அரசால் நியமிக்கப்படுகின்றனர். அன்றாட அலுவல்களை அலுவலகப் பணியாளர்கள் மேற்கொள்கின்றனர்.

இந்த அமைப்பு முறையில் இருவகை அறிவு தேவைப்படுகின்றது. ஒன்று கலையைப் பற்றிய அறிவு. மற்றொன்று பொதுப்பணத்தைக் கையாளும் நடைமுறை பற்றிய அறிவு. ஒரு தவில் கலைஞரின் வாசிப்பு எத்தகையது என்று கூறக் கலைஞர் வேண்டும். அவருக்கு அளிக்கப்படும் தொகை உரியவரின் கணக்கில் சேர்ந்ததா, தணிக்கையின்போது காட்டுவதற்கு ஆவணம் உள்ளதா என்று பார்க்க அலுவலர் வேண்டும். இவ்விருவருள் ஒருவர் இல்லாவிடினும் பணி குறைபடும்.

பணிகள்

மன்றம் மேற்கொள்ளும் பணிகளுள் முதன்மையானவை பின்வருமாறு:

- கலைமாமணி உள்ளிட்ட விருதுகளை வழங்குதல்.
- நலிந்த நிலையில் வாழும் முதிய கலைஞர்களுக்கு மாத நிதியுதவி வழங்குதல். இத்தொகை பலமுறை உயர்த்தப்பட்டு, 2021இல் 2,000 ரூபாயிலிருந்து 3,000 ரூபாயாக அறிவிக்கப்பட்டது.
- கலைமாமணி விருது பெற்று, பின்னர் வறுமையுற்ற கலைஞர்களுக்குப் பொற்கிழி வழங்குதல்.
- மறைந்த கலைஞர்களின் குடும்பங்களுக்குப் பராமரிப்பு நிதி அளித்தல்.
- கிராமியக் கலைஞர்கள் இசைக்கருவிகளும் ஆடை அணிகலன்களும் வாங்க நிதியுதவி அளித்தல்.
- புதிய நாடகங்களையும் நாட்டிய நாடகங்களையும் தயாரிக்க மானியம் அளித்தல்.
- கலை தொடர்பான அரிய நூல்களைப் பதிப்பிக்க உதவுதல்.
- இளம் கலைஞர்களுக்கு மேடை வாய்ப்பு அளித்தல்.
- கலை விழாக்களை நடத்துதல், பிற மாநிலங்களுடன் கலைக்குழுக்களைப் பரிமாறிக்கொள்ளுதல்.

இவற்றை மூன்று வகைகளாகப் பகுக்கலாம். விருது என்பது முடிந்த பணிக்கான மதிப்பு. மானியம் என்பது இனி நிகழவிருக்கும் பணிக்கான முதலீடு. மாத நிதியுதவி என்பது பணி செய்ய இயலாத காலத்துக்கான பாதுகாப்பு. இம்மூன்றுக்கும் தேர்வு முறை வேறுபடும். விருதுக்குத் திறமை அளவுகோலாகின்றது. மானியத்துக்குத் திட்டம் அளவுகோலாகின்றது. நிதியுதவிக்கு வறுமையும் வயதும் அளவுகோலாகின்றன.

கலைமாமணி விருது

கலைமாமணி என்பது தமிழகத்தில் கலைஞர்களுக்கு வழங்கப்படும் புகழ்பெற்ற மாநில விருது ஆகும். தொடக்கத்தில் இது கலாசிகாமணி என்று அழைக்கப்பட்டது. விருது பெறுவோருக்குப் பொற்பதக்கமும் பட்டயமும் வழங்கப்படுகின்றன. 2025இல் வழங்கப்பட்ட பதக்கத்தின் எடை 3 சவரன் ஆகும்.

இவ்விருது ஆண்டுதோறும் வழங்கப்படுவதற்கு உரியது. ஆயினும் நடைமுறையில் பல ஆண்டுகளுக்குரிய விருதுகள் ஒன்றுசேர்த்து வழங்கப்பட்டுள்ளன. 2011 முதல் 2018 வரையான எட்டு ஆண்டுகளுக்குரிய விருதுகள் 201 பேருக்கு 2019இல் வழங்கப்பட்டன. 2021, 2022, 2023 ஆகிய ஆண்டுகளுக்குரிய விருதுகள் 90 பேருக்கு 2025 அக்டோபரில் சென்னை கலைவாணர் அரங்கில் வழங்கப்பட்டன. அவ்விழாவில் பாடகர் கே. ஜே. யேசுதாசுக்கு எம். எஸ். சுப்புலட்சுமி விருதும், எழுத்தாளர் ந. முருகேசபாண்டியனுக்குப் பாரதியார் விருதும், விராலிமலையைச் சேர்ந்த சதிர் நடனக் கலைஞர் முத்துக்கண்ணம்மாளுக்குப் பாலசரசுவதி விருதும் அறிவிக்கப்பட்டிருந்தன.

விருது தாமதமாவது வெறும் அலுவலகத் தாமதம் மட்டுமன்று. கலைஞர்கள் பலர் முதிய வயதிலேயே விருதுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றனர். எட்டு ஆண்டுகள் காத்திருக்க எழுபது வயதினருக்கு உடல் இடம் தருவதில்லை. மேலும், கலைமாமணி என்னும் பட்டம் ஒரு கூத்து வாத்தியாருக்கோ நாதசுரக் கலைஞருக்கோ அடுத்த நிகழ்ச்சிக்கான சன்மானத்தை உயர்த்தித் தரக்கூடியது. காலந்தாழ்ந்து வரும் பட்டம் அப்பயனைத் தருவதில்லை.

விண்ணப்பமும் சரிபார்ப்பும்

கலைக்கு நிதியளிக்கும் பொது அமைப்பில் நடைபெறும் பணியின் பெரும்பகுதி வெளியில் தெரியாதது. விண்ணப்பங்களைப் பெறுதல், சான்றுகளைச் சரிபார்த்தல், குழுவின்முன் வைத்தல், முடிவைத் தெரிவித்தல், தொகையை அனுப்புதல், கணக்கு முடித்தல் என்பன அதன் படிகளாகும்.

நிதியுதவி கோருவோர் தம் வயதையும் வருமானத்தையும் கலைப்பணியையும் மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. வயதுக்கும் வருமானத்துக்கும் சான்றிதழ் பெற முடியும். கலைப்பணிக்குச் சான்று பெறுவதே கடினமானது. இசைக் கல்லூரியில் பயின்றவரிடம் பட்டயம் இருக்கும். சபாவில் பாடியவரிடம் அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் இருக்கும். நாற்பது ஆண்டுகள் திரௌபதியம்மன் கோயில் திடல்களில் ஆடிய கூத்துக் கலைஞரிடம் இவை இரண்டும் இருப்பதில்லை. அவருடைய நிகழ்ச்சிகள் வெற்றிலை பாக்கும் முன்பணமும் கைமாறியதால் உறுதியானவை. எனவே ஊராரின் சொல்லும், உடன் ஆடியவர்களின் சொல்லும், பழைய நிழற்படங்களும், திருவிழாத் துண்டறிக்கைகளுமே அவருக்குச் சான்றுகளாக உதவுகின்றன.

இதில் இருபுறமும் தவறு நேரக்கூடும். சான்றை இறுக்கிப் பிடித்தால் உண்மையான கலைஞர் விடுபடுவார். தளர்த்திவிட்டால் ஒருநாளும் வேடம் கட்டாதவர் பட்டியலில் சேர்வார். இரண்டாவது தவறு தணிக்கையில் வெளிப்படும். முதலாவது தவறு எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை. இதனாலேயே அலுவலகங்கள் இயல்பாகவே இறுக்கத்தின் பக்கம் சாய்கின்றன. கலையை நேரில் அறிந்தவர்கள் தேர்வில் பங்கேற்க வேண்டியதன் தேவை இங்கேதான் எழுகின்றது.

தேவிகாபுரம் வட்டாரமும் கூத்தும்

மாநில அளவிலான திட்டம் ஒரு வட்டாரத்தில் எவ்வாறு பொருந்துகின்றது என்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, செய்யாறு, சேத்துப்பட்டுப் பகுதிகள் நல்ல எடுத்துக்காட்டு ஆகும். ஆரணியை அடுத்துள்ள தேவிகாபுரம் பட்டு நெசவுக்கும், விசயநகரக் காலக் கட்டடக்கலையைக் காட்டும் பெரியநாயகி அம்மன் கோயிலுக்கும், குன்றின்மேல் உள்ள கனககிரீசுவரர் கோயிலுக்கும் பெயர்பெற்றது. இவ்வட்டாரம் தெருக்கூத்து மரபு வலுவாக உள்ள தொண்டை மண்டலத்தின் ஒரு பகுதியும் ஆகும்.

செய்யாறு பகுதியைச் சேர்ந்த புரிசை என்னும் சிற்றூர், தெருக்கூத்துப் பரம்பரை ஒன்றினால் உலக அளவில் அறியப்பட்டது. புரிசை நடேசத் தம்பிரான், கண்ணப்பத் தம்பிரான் ஆகியோர் இப்பரம்பரையின் புகழ்பெற்ற கலைஞர்கள். 1977இல் கூத்துப்பட்டறையை நிறுவிய எழுத்தாளர் ந. முத்துசாமி, புரிசைக் கூத்தைக் கண்டு அதன் வலிமையை நவீன நாடகத்துக்குக் கொண்டுவந்தார். கண்ணப்பத் தம்பிரான் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர். மகாபாரதக் கதைகளோடு பிரெக்ட், மார்க்வெசு ஆகியோரின் படைப்புகளையும் அவர் கூத்து வடிவில் அரங்கேற்றினார். அவர் 2003இல் காலமானார்.

கூத்துக் குழு இப்பகுதியில் "ஜமா" எனப்படும். வாத்தியார் அதன் தலைவர். கட்டியங்காரன், வேடதாரிகள், மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் வாசிப்போர் ஆகியோர் அதில் இருப்பர். மகுடமும் புசக்கட்டையும் மார்புப் பதக்கமும் எடை குறைந்த கலியாண முருங்கை மரத்தில் செய்யப்பட்டு, கண்ணாடித் துண்டுகளும் வண்ணத் தாள்களும் ஒட்டப்படுகின்றன. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடைபெறும். இறுதி நாள் காலையில் துரியோதனன் படுகளம் நிகழும். ஊர் தரும் தொகை ஜமாவுக்கு மொத்தமாகக் கிடைத்து, பின்னர் பங்கிடப்படுகின்றது. மழைக்காலத்தில் நிகழ்ச்சிகள் மிகக் குறைவு.

ஆகவே கூத்தாடுவோர் பலர் நெசவு, வேளாண்மை, கூலி வேலை முதலிய தொழில்களையும் மேற்கொள்கின்றனர். பகலில் தறியில் இருப்பவர் இரவில் வேடம் கட்டினால், அரசின் பார்வையில் அவர் யார் என்னும் வினா எழுகின்றது. நெசவாளர் என்ற முறையில் அவர் கைத்தறித் துறையின் திட்டங்களுக்கு உரியவர். கலைஞர் என்ற முறையில் கலை பண்பாட்டுத் துறையின் திட்டங்களுக்கு உரியவர். நெசவுக்குக் கூட்டுறவுச் சங்கமும், 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்சு போன்ற விற்பனை அமைப்பும் உள்ளன. நெய்த புடைவையை அளந்து விலை வைக்கவும் தேக்கிவைத்து விற்கவும் முடியும். கூத்து விடிந்ததும் முடிந்துவிடும். அதனைத் தேக்கிவைக்க இயலாது. கலைக்கு நிதியளித்தல் பிற தொழில்களுக்கு நிதியளித்தலிலிருந்து வேறுபடுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம் ஆகும்.

இசைக்கருவிக்கும் ஆடை அணிகலனுக்கும் அளிக்கப்படும் உதவி இத்தகைய குழுக்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. மிருதங்கத்துக்குத் தோல் மாற்றுவதும், மழையில் நனைந்த மகுடத்தை மீண்டும் செய்வதும் ஜமாவின் சொந்தச் செலவாகவே இருந்து வந்துள்ளன. தனிநபர் பெயரில் வழங்கப்படும் உதவி, குழுவாக இயங்கும் கலைக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை என்பதும் கருதத்தக்கது. மகுடம் ஒருவருடையது அன்று. அன்றிரவு அந்த வேடத்தை ஏற்பவருடையது.

தொடர்புடைய பிற அமைப்புகள்

கலைஞர்கள் பலர் எந்த உதவியை எந்த அலுவலகத்தில் கேட்பது என்று அறியாமல் இருப்பதுண்டு. அமைப்புகளின் வேறுபாடு பின்வருமாறு:

- கலை பண்பாட்டுத் துறை: மாநில அரசின் துறை. மண்டலக் கலை பண்பாட்டு மையங்கள், சவகர் சிறுவர் மன்றங்கள், மாவட்டக் கலை மன்றங்கள் ஆகியன இதன் வழியே இயங்குகின்றன. திருவண்ணாமலை மாவட்டம் காஞ்சிபுரம் மண்டல மையத்துடன் தொடர்புடையது.
- மாவட்டக் கலை மன்றங்கள்: வயது அடிப்படையில் ஐந்து விருதுகளை வழங்குகின்றன. 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66 முதல் கலை முதுமணி என்பன அவை.
- தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம்: 2007இல் தொடங்கப்பட்டது. பதிவு செய்த உறுப்பினர்களுக்குக் கல்வி, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி, இறப்பு முதலியவற்றுக்கான உதவிகளை வழங்குகின்றது.
- தென்னகப் பண்பாட்டு மையம்: தஞ்சாவூரில் 1986இல் அமைக்கப்பட்ட ஒன்றிய அரசின் மண்டல அமைப்பு.
- சங்கீத நாடக அகாதமி: தேசிய அளவில் இசை, நடனம், நாடகம் ஆகியவற்றுக்கான அமைப்பு.

அரசு சாராத முயற்சிகளும் உண்டு. 1990இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை குருகுலம் ஒன்றை நடத்தியது. பெண் பிள்ளைகளுக்கும் கூத்துப் பயிற்சி அளித்தமை அதன் சிறப்பு ஆகும்.

2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் விழா, சிற்றூர்க் கலைகளை நகரத்துப் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் கொண்டுவந்தது. சில ஆண்டுகள் நின்றிருந்த அவ்விழா, 2023 சனவரியில் "சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா" என்னும் பெயரில் மீண்டும் நடத்தப்பட்டது.

பிற நாடுகளில்

அரசு கலைக்கு நிதியளிக்கலாம், ஆனால் எந்தக் கலைஞருக்கு என்பதை அமைச்சர்கள் தீர்மானிக்கக் கூடாது என்னும் கருத்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுப்பெற்றது. 1946இல் அமைக்கப்பட்ட பிரித்தானியக் கலைக் கழகம் இக்கருத்தைப் பின்பற்றியது. பொருளியல் அறிஞர் கெயின்சு அதன் உருவாக்கத்தில் பெரும்பங்கு வகித்தார். ஐக்கிய அமெரிக்காவில் தேசியக் கலை நிதியம் 1965இல் நிறுவப்பட்டது.

இலங்கையில் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கலைக் கழகம் அமைக்கப்பட்டது. அதன் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை ஏற்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு உள்ளிட்ட பகுதிகளின் நாட்டுக்கூத்தை ஊக்குவித்தார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு "கர்ணன் போர்", "இராவணேசன்" முதலிய கூத்துகளைச் சுருக்கமான மேடை வடிவில் தயாரித்தார். பொது அமைப்பின் சிறிய நிதியும், கலையை அறிந்த ஒருவரின் தலைமையும் சேர்ந்தால் எத்தகைய விளைவு ஏற்படும் என்பதற்கு இது சான்றாகும்.

விமர்சனங்கள்

மன்றத்தின் மீதான விமர்சனங்களுள் முதன்மையானது கலைமாமணி தேர்வு பற்றியது ஆகும். திரைத்துறையினருக்கு முன்னுரிமை கிடைக்கின்றது என்றும், ஆட்சி மாற்றத்துக்கேற்பத் தேர்வு மாறுகின்றது என்றும் குறை கூறப்படுவதுண்டு. தகுதியற்றவர்களுக்கு விருது வழங்கப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் தேர்வு முறை குறித்து அதிருப்தி தெரிவித்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. திரைக்கலைஞர்கள் பங்கேற்பதாலேயே விழாவுக்குச் செய்தி இதழ்களில் இடம் கிடைக்கின்றது என்றும், அதே மேடையில் நிற்கும் கிராமியக் கலைஞருக்கும் அதனால் கவனம் கிடைக்கின்றது என்றும் கூறுவோர் உள்ளனர். முத்துக்கண்ணம்மாள் போன்ற கலைஞர்கள் விருது பெறும்போது இவ்வாதம் வலுப்பெறுகின்றது.

மாத நிதியுதவியின் அளவும் விவாதத்துக்கு உரியது. 3,000 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 100 ரூபாய் ஆகும். அது ஒருவரின் உணவுக்கும் மருந்துக்கும் ஓரளவே உதவும். ஆயினும் அத்தொகை மாதந்தோறும் தவறாது வருவது என்பதே, பருவத்தை நம்பி வாழ்ந்த கலைஞருக்கு அதன் பயனாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- கலைமாமணி விருது
- சங்கீத நாடக அகாதமி
- தெருக்கூத்து
- கூத்துப்பட்டறை
- புரிசை கண்ணப்பத் தம்பிரான்
- தேவிகாபுரம்
- சென்னை சங்கமம்